இறந்தவரின் பழைய கணக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

வேலூரிலிருந்து காட்பாடி வழியாகச் சித்தூர் சாலையில் சென்றால், கிறிஸ்டியான்பேட்டையைத் தாண்டியதும் ஆந்திர எல்லை வந்துவிடுகிறது. திருப்பதிக்கு முடி காணிக்கை செலுத்தச் செல்லும் குடும்பங்கள் போகும் அந்த வழியிலும், திருத்தணி, நகரி வழியிலும், ஜவ்வாது மலையிலிருந்தும் படவேடு, கண்ணமங்கலம் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்தும் ஆண்கள் கூலி வேலைக்கென்று பேருந்து ஏறிப் போவதுண்டு. 2015ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள், திருப்பதியை ஒட்டிய சேசாசலம் காட்டில், ஆந்திர அரசின் செம்மரக் கடத்தல் தடுப்புப் படையினர் சுட்டதில் 20 பேர் இறந்தார்கள். இருபது பேரும் தமிழ்நாட்டவர். பெரும்பாலோர் திருவண்ணாமலை மாவட்டத்தினர். மற்றவர்கள் தருமபுரி, சேலம் மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். 1989இல் பழைய வட ஆர்க்காடு மாவட்டம் இரண்டாகப் பிரியும்வரை படவேட்டுக்கும் ஜவ்வாது மலைக்கும் வேலூர்தான் தலைமையிடம். ஆகவே, அன்று இறந்தவர்களில் பலர் எங்களுக்கு அயலூர்க்காரர்கள் அல்லர்.

மறுநாள் காலை, சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்துக்கு எதிரே நாங்கள் வழக்கமாகத் தேநீர் குடிக்கும் கடையில் இதைப் பற்றித்தான் பேச்சு. குற்றவியல் வழக்குகளையே நடத்திவந்த வழக்கறிஞர் என்ற முறையில் நானும் அதில் இருந்தேன். ஒருவர், “மரம் வெட்டப் போனவங்கதானே, வேலூர் ஜெயிலுக்கும் கடப்பா ஜெயிலுக்கும் போய் வந்தவன் எத்தனை பேரு கீறான் அதுல” என்றார். அதற்கு நான், அவர்கள் ஏதும் அறியாத ஏழைகள், கட்டட வேலைக்கும் பெயிண்ட் அடிக்கவும் போனவர்கள், சாமையும் புளியும் விற்றுப் பிழைக்கும் மலைக்குடிகள் என்று உரக்கப் பேசினேன். நெடுநாள் நண்பரான மற்றொரு வழக்கறிஞர் அமைதியாக ஒரு கேள்வி கேட்டார்: “அதில் நாலு பேர் உண்மையிலேயே மரம் வெட்டத்தான் போனார்கள் என்று நாளைக்குத் தெரியவந்தால் என்ன சொல்வீர்கள்?” எனக்கு விடை வரவில்லை. இன்றைய உரை அந்த விடையைத் தேடியதன் பயனே.

முதலில், அன்று சொல்லப்பட்ட இரண்டு கதைகளையும் நேயர்கள் முன் வைக்க வேண்டும். காவல் தரப்பு சொன்னது இது: காட்டுக்குள் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் செம்மரம் வெட்டிக்கொண்டிருந்தார்கள், சரணடையச் சொன்னபோது கல்லாலும் கோடரியாலும் தாக்கினார்கள், உயிரைக் காத்துக்கொள்ளச் சுட வேண்டியதாயிற்று. உடல்கள் இரண்டு இடங்களில் கிடந்தன. காவல் தரப்பில் உயிரிழப்பு இல்லை. மறுதரப்பின் கதை, தப்பி வந்தவர்கள் வாயிலாக வந்தது. அவர்களில் ஒருவர், பேருந்தில் ஒரு பெண்ணுக்குப் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருந்ததால், கணவன் மனைவி என்று எண்ணித் தன்னை விட்டுவிட்டு, உடன் வந்தவர்களை மட்டும் காவலர்கள் இறக்கிக்கொண்டு போனதாகச் சொன்னார். அவ்வாறு கொண்டு போகப்பட்டவர்கள் மறுநாள் காட்டில் பிணமாகக் கிடந்தார்கள் என்பதே அவர்களுடைய முறையீடு. தேசிய மனித உரிமை ஆணையம் அந்தச் சாட்சிகளின் வாக்குமூலத்தைப் பெற்றது. பத்திரிகைகளில் வந்த படங்களைப் பார்த்தவர்கள், உடல்களுக்கு அருகில் கிடந்த கட்டைகள் புதிதாக வெட்டியவையாகத் தெரியவில்லை என்றும், அவற்றில் பெயிண்ட் குறிகள் இருக்கின்றன என்றும் சுட்டிக்காட்டினார்கள்.

இந்த இரண்டு கதைகளில் எது உண்மை என்பதைக் கண்டறிய வேண்டிய கேள்விகள் மிகச் சிலவே. பேருந்திலிருந்து யாரையாவது இறக்கினார்களா? எத்தனை அடித் தொலைவிலிருந்து சுட்டார்கள்? குண்டு உடலின் எந்தப் பக்கத்தில் நுழைந்தது? அந்தக் கட்டைகள் எங்கிருந்து வந்தன? இவற்றில் ஒன்றுக்காவது, இறந்தவர் மேல் முன்பு வழக்கு இருந்ததா என்பது விடையாகுமா? ஆகாது. ஆனாலும் அடுத்த பல நாள்கள் தேநீர்க் கடையிலும், தொலைக்காட்சியிலும், சட்டம் படித்தவர்கள் கூடும் இடங்களிலும் நாங்கள் வாதிட்டதெல்லாம் அவர்கள் கடத்தல்காரர்களா, அப்பாவிக் கூலிகளா என்பதைப் பற்றியே. தொலைவையும் குண்டையும் பேருந்தையும் எல்லோருமே கைவிட்டுவிட்டோம். அதில் என் பங்கும் உண்டு என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன்.

காவல் தரப்பின் கோபத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அதை மறைப்பது நேர்மையாகாது. 2013ஆம் ஆண்டு டிசம்பரில், அதே சேசாசலம் காட்டில், பணியிலிருந்த வனத்துறை அதிகாரிகள் இருவர் கொல்லப்பட்டார்கள். அவர்களுக்கும் மனைவி மக்கள் உண்டு. தம் தோழர்களை இழந்தவர்கள் துப்பாக்கியோடு இரவில் காட்டுக்குள் நுழையும்போது மனத்தில் அச்சமும் சினமும் இருந்திருக்கும் என்பதை யாரும் புரிந்துகொள்ளலாம். ஆனால் அந்தக் கொலை வழக்கு எப்படி முடிந்தது என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். தமிழ்நாட்டுக் கூலியாள்கள் 200க்கும் மேற்பட்டோர் அதில் கைதாகி நெடுங்காலம் சிறையில் கிடந்தார்கள். 2016இல் திருப்பதி நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. 2015 ஏப்ரலில் “ஆபீசரையே கொன்ன கூட்டம்” என்று பலர் வாயில் புழங்கிய அந்தப் பழி, ஓராண்டு கழித்து நீதிமன்றத்தில் நிற்கவில்லை. பழைய வழக்கு என்று நாம் எளிதாகச் சொல்லிவிடும் சொல்லுக்குள் முதல் தகவல் அறிக்கையும் இருக்கலாம், தண்டனையும் இருக்கலாம், விடுதலையும் இருக்கலாம். கேட்பவர் காதில் மூன்றும் ஒன்றாகவே விழுகின்றன.

எங்கள் மாவட்டத்துக்கு இந்தச் சச்சரவு புதிதன்று. 1980ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள், அப்போது வட ஆர்க்காட்டில் இருந்த திருப்பத்தூரில், நக்சலைட் ஒருவர் வீசிய வெடிகுண்டுக்கு ஆய்வாளர் பழனிசாமியும் உடன் வந்த காவலர்களும் பலியானார்கள். இன்றும் ஆண்டுதோறும் அந்த நாளில் திருப்பத்தூரில் அவர்களுக்கு மரியாதை செலுத்தப்படுகிறது, செலுத்தப்படவும் வேண்டும். அதன்பின் வட ஆர்க்காட்டிலும் தருமபுரியிலும் நடந்த தேடுதல் வேட்டையில் இளைஞர்கள் பலர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மோதலில் இறந்தார்கள் என்றது அரசு. பிடித்துக் கொண்டுபோய்ச் சுட்டார்கள் என்றார்கள் மனித உரிமை இயக்கத்தினர். நான் சட்டம் படிக்க வந்த காலத்தில் மூத்தவர்கள் இதைப் பற்றிப் பேசக் கேட்டிருக்கிறேன். காவலர் கொலையைச் சொல்லி ஒரு தரப்பு வாயை மூடச் செய்யும். அந்த இளைஞர்களின் தியாகத்தைச் சொல்லி மறுதரப்பு எழும். குறிப்பிட்ட ஒரு நாளில், குறிப்பிட்ட ஒருவர், கையில் ஆயுதத்தோடு இறந்தாரா, விலங்கோடு இறந்தாரா என்பதை விசாரிக்கக் கேட்டவர்கள் மிகச் சிலராகவே இருந்தார்கள்.

நண்பரின் கேள்விக்கான விடை எனக்குக் கிடைத்தது நான் அன்றாடம் புரட்டும் ஒரு சட்டப் பிரிவில்தான். 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தில் 54ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. இப்போது நடப்பிலிருக்கும் பாரதிய சாட்சிய அதிநியமும் அதை அப்படியே ஏற்றுக்கொண்டிருக்கிறது. குற்ற வழக்கில், எதிரியின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவரின், தீய நடத்தை வழக்குக்குத் தொடர்பற்றது என்கிறது அந்தப் பிரிவு. திருட்டு வழக்கில் நிற்பவர் முன்பு நாலு வீட்டில் திருடியவர் என்பதனாலேயே இந்த வீட்டிலும் திருடினார் என்று நீதிபதி முடிவு செய்ய முடியாது. ஆனால் ஒரு விலக்கு இருக்கிறது. எதிரியே தாம் நன்னடத்தை உடையவர் என்று சான்று கொண்டுவந்தால், உடனே அரசுத் தரப்புக்கு வழி திறந்துவிடுகிறது. அவருடைய பழைய குற்றங்களையெல்லாம் அது கொண்டுவந்து கொட்டலாம்.

அன்று நான் செய்தது அதுதான். அவர்கள் அப்பாவிகள் என்று சொன்ன அந்த நொடியில், அவர்கள் அப்பாவிகளா என்று விசாரிக்கும் வாசலை நானே திறந்துவிட்டேன். அவர்களின் உயிருக்கு நான் காட்டிய ஆதாரம் அவர்களின் நற்குணமாக இருந்தது. ஆகவே அந்த நற்குணத்தில் ஒரு கீறல் விழுந்தால் உயிருக்கான உரிமையும் கிழிந்துவிடும் நிலை வந்தது. அரசியலமைப்பின் 21ஆவது பிரிவில் அப்படி ஒரு நிபந்தனை இல்லை. சட்டம் வகுத்த நடைமுறையின்படி அன்றி எவருடைய உயிரையும் பறிக்கக் கூடாது என்றே அது சொல்கிறது. ‘எவருடைய’ என்ற சொல்லில் மரம் வெட்டியவரும் அடக்கம், அவருக்கு முன்பணம் கொடுத்து அனுப்பிய தரகரும் அடக்கம். செம்மரம் வெட்டியதற்கு மரண தண்டனை விதிக்கும் சட்டம் இந்த நாட்டில் இல்லை.

அப்படியானால் இறந்தவரின் கடந்த காலத்துக்கு எந்த இடமும் இல்லையா என்று நேயர்கள் கேட்கலாம். ஓரிடம் உண்டு. தற்காப்புக்காகச் சுட்டேன் என்று ஒரு காவலர் சொல்லும்போது, எதிரில் இருந்தவர் இன்னார், இதற்கு முன் காவலரை வெட்டியவர் என்று அந்தக் கணத்தில் அவருக்குத் தெரிந்திருந்தால், அவருடைய அச்சம் நியாயமானதா என்று பார்க்க அது பயன்படும். தெரிந்திருக்க வேண்டும், அப்போதே தெரிந்திருக்க வேண்டும். இருட்டில் முகம் தெரியாமல் சுட்டுவிட்டு, விடிந்தபின் கைரேகையை ஒப்பிட்டுக் கண்டெடுத்த பழைய வழக்கு, சுட்ட விரலின் அச்சத்துக்குச் சான்றாக முடியாது. தற்காப்பு என்று சொல்பவரே அதை மெய்ப்பிக்கக் கடமைப்பட்டவர் என்பதும் சட்டம்தான்.

கடந்த காலத்தை நீதிமன்றம் எப்படிக் கையாளும் என்பதற்கு வெளிநாட்டு வழக்கு ஒன்றைக் குறிப்பிடுகிறேன். 2020 மே 25இல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில், 20 டாலர் கள்ளநோட்டுப் புகாரில் பிடிபட்ட ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தில் டெரெக் ஷாவின் என்ற காவலர் ஒன்பது நிமிடங்களுக்கு மேல் முழங்காலை அழுத்தியதில் அவர் இறந்தார். ஃபிளாய்டு முன்பு கொள்ளை வழக்கில் சிறை சென்றவர் என்ற செய்தி உலகெங்கும் பரப்பப்பட்டது. விசாரணை நீதிபதி, 2019இல் ஃபிளாய்டு கைதான ஒரு நிகழ்ச்சியின் சான்றை மட்டும், போதைப் பொருளால் அன்று அவர் உடலில் ஏற்பட்ட விளைவுகளை அறிவதற்காக, வரம்பு கட்டி அனுமதித்தார். அவருடைய குணத்துக்குச் சான்றாக அதைக் கொள்ளக் கூடாது என்றும் அறிவுறுத்தினார். 2021 ஏப்ரல் 20இல் ஷாவின் குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று.

நம் பக்கத்தில், இதைவிடக் கடினமான ஒரு சோதனை 2019இல் வந்தது. ஹைதராபாத்தில் கால்நடை மருத்துவப் பெண் ஒருவர் கொடூரமாகக் கொல்லப்பட்ட வழக்கில் பிடிபட்ட நால்வர், டிசம்பர் 6ஆம் நாள் விடியலில் காவல்துறையால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மக்கள் காவலர்கள் மேல் பூ தூவினார்கள். பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களின் கொதிப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. என் வீட்டிலேயே அன்று மகிழ்ச்சி தெரிவித்தவர்கள் உண்டு. உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி சிர்புர்கர் ஆணையத்தின் அறிக்கை 2022இல் வெளியாயிற்று. கொல்லும் நோக்கத்தோடே சுட்டார்கள் என்றும், இறந்த நால்வரில் மூவர் பதினெட்டு வயது நிறையாதவர்கள் என்றும் அது கண்டறிந்தது. அந்தப் பெண்ணைக் கொன்றவர்கள் அவர்கள்தாமா என்பதை இனி எந்த நீதிமன்றமும் தீர்ப்பாகச் சொல்ல வழியில்லை. அவளுடைய பெற்றோருக்கு உரிய தீர்ப்பும் அந்தக் குண்டுகளோடு போய்விட்டது.

உச்ச நீதிமன்றம் 2014 செப்டம்பர் 23இல், இத்தகைய சாவுகள் ஒவ்வொன்றிலும் பின்பற்ற வேண்டிய 16 நெறிமுறைகளை வகுத்தது. முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும். வேறு காவல் நிலையமோ குற்றப் புலனாய்வுத் துறையோ விசாரிக்க வேண்டும். நடுவர் (மாஜிஸ்திரேட்) விசாரணை கட்டாயம். சுட்ட ஆயுதத்தைத் தடயவியல் ஆய்வுக்கு ஒப்படைக்க வேண்டும். சுட்டவரின் வீரம் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்படும் முன் வீரப் பதக்கமோ சிறப்புப் பதவி உயர்வோ கூடாது. பதினாறிலும், இறந்தவர் நல்லவராக இருந்தால் மட்டும் என்ற ஒரு சொல் கிடையாது. சேசாசலம் நிகழ்ச்சி இந்தத் தீர்ப்புக்கு ஏழு மாதம்கூட ஆகாத நிலையில் நடந்தது.

இன்றும் நம் பக்கத்தில் ஒருவர் சுடப்பட்டால், உடல் மருத்துவமனை வந்து சேரும் முன்பே அவர் மேல் இத்தனை வழக்கு, ரவுடிப் பட்டியலில் இன்ன இடம், குண்டர் சட்டத்தில் இத்தனை முறை என்ற கணக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. பிரேதப் பரிசோதனை அறிக்கை வர வாரக்கணக்கில் ஆகும்போது, இறந்தவரின் வரலாறு மட்டும் அரை நாளில் தயாராகிவிடுவது ஏன் என்று செய்தியாளர் ஒருவராவது கேட்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

தேநீர்க் கடையில் கேள்வி கேட்ட நண்பரை இப்போதும் சந்திக்கிறேன். அவருக்கு நான் பின்னாளில் சொன்ன விடை இதுதான்: மரம் வெட்டத்தான் போனார்கள், இருபது பேருமே அதற்காகத்தான் போனார்கள் என்று ஒப்புக்கொள்கிறேன், அந்த வாதத்தை இத்தோடு விட்டுவிடுவோம். இப்போது நீங்கள் சொல்லுங்கள், அந்தப் பேருந்திலிருந்து அவர்களை இறக்கினார்களா, இல்லையா?

வணக்கம்.