மணிக்கூண்டுக் கல்வெட்டில் இல்லாத பெயர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

வேலூர் லாங் பஜாருக்குப் போகிற எல்லோருக்கும் அங்கிருக்கும் மணிக்கூண்டு தெரியும். அதில் பதித்திருக்கும் கல்வெட்டைப் படித்தவர்கள் குறைவு. முதல் உலகப்போருக்கு இந்த ஊரிலிருந்து 277 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று அதில் இங்கிலீஷில் எழுதியிருக்கிறது. அவ்வளவுதான். அந்த 14 பேர் யார், யார் வீட்டுப் பிள்ளைகள், எங்கே விழுந்தார்கள்? ஒரு பெயர்கூட இல்லை.

அந்தப் பெயர்களை நம் பள்ளி மாணவர்கள் தேடி எடுக்க வேண்டும், அவர்களால் முடியும் என்று சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

இங்கிலாந்தில் இதை ஒரு பாடமாகவே செய்கிறார்கள். தங்கள் பள்ளியில் படித்துப் போரில் இறந்த பழைய மாணவரின் பெயரைப் பள்ளிச் சுவரில் உள்ள பலகையிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். அவர் எந்தப் படைப்பிரிவு, எந்தத் தேதியில் இறந்தார் என்று தேடுவார்கள். அப்புறம் பிரான்சுக்கோ பெல்ஜியத்துக்கோ போய் அவருடைய கல்லறை முன்னால் நிற்பார்கள். போரின் நூற்றாண்டான 2014-இல், அரசு உயர்நிலைப் பள்ளி ஒவ்வொன்றிலிருந்தும் இரண்டு மாணவர்களையும் ஓர் ஆசிரியரையும் அனுப்பும் திட்டத்தையே அந்த நாட்டு அரசு தொடங்கியது. பெல்ஜியத்தின் ஈப்பர் நகரில் மெனின் வாயில் என்ற நினைவு வளைவு இருக்கிறது. அங்கே 1928 முதல் மாலை எட்டு மணிக்கு இறந்தவர்களுக்காக எக்காளம் ஊதுகிறார்கள். அந்தச் சுவர்களில் நம் நாட்டுச் சிப்பாய்களின் பெயர்களும் இருக்கின்றன. பிரான்சில் நெவ் ஷாப்பெல் என்ற ஊரில் இந்தியர்களுக்கென்றே தனி நினைவிடம் உண்டு. 4,700-க்கும் மேற்பட்ட பெயர்கள் அங்கே செதுக்கப்பட்டிருக்கின்றன.

ஆனால் எல்லா இடத்திலும் அப்படி இல்லை. மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியியல் படையினர் டைக்ரிஸ் ஆற்றங்கரையில், இன்றைய ஈராக்கில் போரிட்டார்கள். அந்தப் போர்முனையில் இறந்து கல்லறை தெரியாமல் போனவர்களுக்காகப் பாஸ்ராவில் எழுப்பிய நினைவிடத்தில் அதிகாரிகளுக்குப் பெயர் உண்டு, சாதாரண இந்தியச் சிப்பாய்க்கு எண்ணிக்கை மட்டும்தான். இன்ன படைப்பிரிவில் இன்னும் இத்தனை பேர் என்று முடித்துவிட்டார்கள். நம் மணிக்கூண்டில் செய்ததும் அதேதான். போர்க் கல்லறைகளைப் பராமரிக்கும் காமன்வெல்த் ஆணையம் இந்தப் பாகுபாட்டை ஒப்புக்கொண்டு 2021-இல் மன்னிப்புக் கேட்டது. நூறு வருஷம் தாமதம்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பழைய மாணவர் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு தேடினால் நம் ஊரில் பாதிப் பேர் விட்டுப்போவார்கள். பள்ளிக்கூட வாசலுக்குள்ளேயே விடப்படாத சமூகங்களைச் சேர்ந்தவர்கள் மெட்ராஸ் சாப்பர்ஸ் படையில் நிறைய இருந்தார்கள். அவர்களுக்குப் பள்ளிப் பதிவேடு கிடையாது, ஊர்தான் பதிவேடு. கணியம்பாடி பக்கம் கம்மவான்பேட்டைக்குப் போய்ப் பாருங்கள். வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர்கள் இருப்பதால் ராணுவப்பேட்டை என்றே பெயர் வாங்கிய ஊர் அது. அங்கே ஒரு திண்ணையில் உட்கார்ந்து கேட்டால் கிடைக்கும் தகவல் எந்த நூலகத்திலும் கிடைக்காது.

வெள்ளைக்காரனுக்காகச் செத்தவர்களை நாம் ஏன் தேட வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். 1806 ஜூலை 10-இல் நம் கோட்டையில் எழுந்த சிப்பாய்களுக்கு வருஷா வருஷம் மலர்வளையம் வைக்கிறோம். வைக்கத்தான் வேண்டும். ஆனால் அவர்களும் கம்பெனிப் படையில் சம்பளம் வாங்கியவர்கள்தானே? 1914-இல் கப்பல் ஏறியவன் வீட்டிலும் அதே வறுமை, அதே கேழ்வரகுக் கூழ். அவன் யாருக்காகச் செத்தான் என்று பிறகு வாதாடலாம், முதலில் அவன் பெயர் தெரியட்டும்.

சரி, எப்படித் தேடுவது? காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பதிவேடு எல்லோருக்கும் இலவசம். பல இந்தியச் சிப்பாய்களின் பதிவில் தகப்பன் பெயர், ஊர், மாவட்டம் மூன்றும் இருக்கும். ஆரணிப் பிள்ளையானாலும் குடியாத்தத்துப் பிள்ளையானாலும் வட ஆற்காடு என்றுதான் தேட வேண்டும். அன்று எல்லாம் ஒரே மாவட்டம். பெயரை எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். முனுசாமியைத் தேடுகிறவன் முனிசாமி, முனியசாமி எல்லாவற்றையும் போட்டுப் பார்க்கணும்.

பயணம் என்றால் பெல்ஜியம்தான் போக வேண்டும் என்பதில்லை. சென்னை நந்தம்பாக்கத்தில் போர்க் கல்லறை இருக்கிறது. இரண்டாம் உலகப்போரில் இறந்த 856 பேர் அங்கே அடக்கமாகியிருக்கிறார்கள். காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் வேலூர் திரும்பிவிடலாம். ஒவ்வொரு கல்லிலும் படைச் சின்னம், பெயர், பதவி, இறந்த தேதி எல்லாம் பொறித்திருக்கும். இருபது, இருபத்திரண்டு என்ற வயதைப் பன்னிரண்டாம் வகுப்புப் பையன் தானே வாசிக்கட்டும். எந்தப் பாடப்புத்தகமும் அதைச் செய்யாது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் நம் ஊர்க்காரர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிராஞ்சி நினைவிடத்துக்குப் போகலாம். அதுவும் இரண்டாம் உலகப்போரில் இறந்தவர்களுக்கானது. 24,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் அங்கே இருக்கின்றன. அந்தப் போரில் இறந்தவர்களில் ஊரில் பிள்ளைகள் கண்டுபிடித்த பெயர் அங்கே இருந்தால் போட்டோ எடுத்து அனுப்புங்கள்.

கடைசியாக, வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கு. பழைய டிரங்குப் பெட்டியில் உள்ளங்கையைவிடப் பெரிய வட்டமான வெண்கலத் தகடு ஒன்று கிடக்கலாம். சிங்கத்தோடு ஒரு பெண் உருவம் நிற்கும், ஓரமாகச் சின்னக் கட்டத்துக்குள் ஒரு பெயர் இருக்கும். முதல் உலகப்போரில் இறந்தவரின் குடும்பத்துக்குக் கொடுத்தது அது. எல்லோரும் சமம் என்பதால் பதவியைப் போடாமல் பெயரை மட்டும் போட்டார்கள். அந்தப் போருக்குப் போய் வந்தவரின் வெள்ளிப் பதக்கமாக இருந்தால் விளிம்பைத் திருப்பிப் பாருங்கள். எண்ணும் பெயரும் படைப்பிரிவும் பொடி எழுத்தில் இருக்கும். அதை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பக்கத்துப் பள்ளியின் வரலாற்று ஆசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

நன்றி. வணக்கம்.