கொட்டகைக்கும் வார்டுக்கும் நடுவுல நம்ம கை

எல்லாருக்கும் வணக்கம். மருந்துக்கு அடங்காத பாக்டீரியான்னதும் நிறைய பேரு ஆஸ்பத்திரியத்தான் திட்டுவாங்க, நான் இன்னைக்கு ஒரு கோழிக் கொட்டகையில இருந்து ஆரம்பிக்கிறேன்.

அமெரிக்காவுல ஸ்டூவர்ட் லெவின்னு ஒரு டாக்டர், 1976ல அவர் வெளியிட்ட ஆய்வு இது. ஒரு பண்ணையில கோழிகள ரெண்டா பிரிச்சு பாதிக்கு டெட்ராசைக்ளின்னு ஒரு ஆன்டிபயாட்டிக் மருந்து கலந்த தீவனம், மீதிக்கு வெறும் தீவனம். ரெண்டு வாரத்துக்குள்ளயே மருந்து தின்ன கோழிங்க குடல்ல இருந்த பாக்டீரியா அந்த மருந்த சட்டையே பண்ணல, சரி அது எதிர்பார்த்தது தான், ஆனா ஆறு மாசத்துக்குள்ள அந்தப் பண்ணை வீட்டு ஆளுங்க மலத்துலயும் அதே மாதிரி பாக்டீரியா ஏகத்துக்கு வந்துருச்சு, அக்கம்பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட அவ்வளவு இல்ல. யாருக்கும் காய்ச்சலும் இல்ல ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் நடமாடிட்டு இருந்தாங்க. இதுல தான் சிக்கலே. நோயே இல்லாம சுமந்துட்டுத் திரியறவன யாரு கண்டுபிடிப்பா?

இன்னொரு கூத்து என்னன்னா கொடுத்தது ஒரே மருந்து, ஆனா கோழிகிட்ட இருந்த பாக்டீரியா வேற பல மருந்துக்கும் அடங்காமப் போச்சு. பிளாஸ்மிட்னு ஒரு சின்ன டிஎன்ஏ வளையம் இருக்கு, ஒரே வளையத்துல நாலஞ்சு மருந்துக்கான எதிர்ப்பு ஒண்ணா உக்காந்திருக்கும், அத ஒரு பாக்டீரியா பக்கத்துல இருக்கறதுக்கு, அது வேற இனமா இருந்தாலும், தூக்கிக் கொடுத்துரும். 2015ல சீனாவுல பன்னி, கடை இறைச்சி, ஆஸ்பத்திரி நோயாளின்னு மூணு இடத்துலயும் கொலிஸ்டின எதிர்க்கிற ஒரே ஜீன் பிளாஸ்மிட் மேல கெடைச்சுது. கொலிஸ்டின் நமக்குக் கடைசிக் கையிருப்பு மருந்து, அத அங்க வளர்ச்சிக்குன்னு பன்னித் தீவனத்துல கலந்துட்டு இருந்தாங்க. 2017ல அப்படிக் கலக்கறத நிறுத்துனாங்க.

கறியில மருந்து தங்கியிருக்குமான்னு தான் எப்பவும் கேக்குறாங்க. மருந்து மிச்சம் வேற, பாக்டீரியா வேறங்க. கறிய நல்லா வேக வெச்சா பாக்டீரியா செத்துரும், ஆனா பச்சைக் கறிய வெட்டுன பலகையிலயே சாலட் நறுக்குனா வேக வெச்சு என்ன பிரயோஜனம்.

வீட்டுக்கு வருவோம். ஆஸ்பத்திரியில இருந்து டிஸ்சார்ஜ் ஆகி வந்தவரோட குடல்ல இந்த மருந்துக்கு அடங்காத பாக்டீரியா மாசக்கணக்கா தங்கலாம். அதுக்காக அவர ஒதுக்கி வெக்காதீங்க, பாவம். அவருக்குத் தனி டவல், டாய்லெட் போனதும் சோப்பு, டயப்பர் மாத்துறவங்க, புண்ணுக்குக் கட்டு போடுறவங்க அப்புறம் கை கழுவணும், இது போதும். கைக்குத் தேய்க்கற சானிடைசர் ஜெல் இருக்கேன்னு சொல்லாதீங்க, சில வயித்துப்போக்குக் கிருமி கெட்டி ஓட்டோட வித்தா மாறி இருக்கும், அது ஜெல்லுக்கு சாகாது, சோப்பும் தண்ணியும் தான் அத அடிச்சு வெளிய தள்ளும்.

எனக்குப் பிடிச்ச வழி நெதர்லாந்துக்காரங்களோடது. பன்னி வளர்க்கறவங்க மூக்குல எம்ஆர்எஸ்ஏன்னு பல மருந்துக்கு அடங்காத ஒரு பாக்டீரியா இருக்கறது தெரிஞ்சதும் அங்க அட்மிஷன்லயே பன்னிப் பண்ணையில வேலையான்னு கேக்க ஆரம்பிச்சாங்க, ஆமான்னா டெஸ்ட் ரிசல்ட் வர்ற வரைக்கும் தனி ரூம். செலவு தான், இல்லன்னு சொல்லல, ஆனா வார்டு முழுக்கப் பரவுனப்புறம் ஆகுற செலவ நெனச்சுப் பாருங்க. அதனால இங்க வந்திருக்க ஆஸ்பத்திரிக்காரங்களுக்கு ஒண்ணு, அட்மிஷன் ஃபார்ம்ல ரெண்டு வரி சேருங்க, பண்ணையில கால்நடையோட வேலை பாக்குறீங்களா, சமீபத்துல வேற ஆஸ்பத்திரியில தங்குனீங்களான்னு. கிருமி மனுஷங்ககிட்ட இருந்து கொட்டகைக்கும் போகலாம், அதனால கால்நடை டாக்டருங்களும் அதே மாதிரி, பண்ணைக்குப் போனா இந்த வீட்டுல யாராவது இப்பத்தான் டிஸ்சார்ஜ் ஆகி வந்தாங்களான்னு கேட்டுட்டு உள்ள போங்க.