சுஷிக் கடையில் சோறு

நேயர்களுக்கு வணக்கம். வேலை நிமித்தமாக ஜப்பானின் யோகஹாமா நகரில் சில ஆண்டுகள் குடியிருந்தேன். எங்கள் தெருமுனையில் ஒரு சுஷிக் கடை இருந்தது. வினிகர் கலந்த சோற்றைக் கையால் பிடித்து, பெரும்பாலும் மேலே மீன் வைத்துத் தரும் ஜப்பானிய உணவுதான் சுஷி. அங்கே சாப்பிட்டதைப் பற்றிப் பேசுமாறு நிலையத்தார் கேட்டுக்கொண்டார்கள். பாளையங்கோட்டையில் இந்தப் பேச்சை எடுத்தாலே, "பச்சை மீனையா தின்றீர்கள்?" என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. தாமிரபரணித் தண்ணீரில் கார், பிசானம் என்று இரண்டு போகம் நெல் விளைவிக்கிற நாம், "சோறு எப்படி இருந்தது?" என்று அல்லவா முதலில் கேட்க வேண்டும்? மீன் இல்லாத சுஷி உண்டு. சோறு இல்லாத சுஷி கிடையாது.

கடையைப் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். வாசலில் ஒரு துணித் திரை தொங்கும். தொங்கினால் கடை திறந்திருக்கிறது என்று பொருள். உள்ளே நீளமான மரப்பலகை, அதன் முன்னே ஏழெட்டு நாற்காலிகள், பலகைக்கு அந்தப் பக்கம் கடைக்காரர். கண்ணாடிப் பெட்டிக்குள் அன்றைய மீன். உட்கார்ந்ததும் கை துடைக்கச் சூடான ஈரத்துணி தருவார்கள். பெரிய குவளையில் பச்சைத் தேநீர் வரும். சமையற்கட்டு என்று மறைவாக எதுவும் இல்லை. மீனை நறுக்குவது, சோற்றைப் பிடிப்பது, பலகையைத் துடைப்பது எல்லாம் சாப்பிடுகிறவர் கண்முன்னே நடக்கின்றன. இந்த ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன். சமைக்கிறவரும் உண்கிறவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில் ஏமாற்று நுழைவது கடினம். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் தொலைபேசியில் சொன்னால் போதும், அரக்குப் பூசிய வட்டத் தட்டில் அடுக்கி அனுப்பிவிடுவார். சாப்பிட்டபின் தட்டைக் கழுவி வாசலில் வைத்துவிட வேண்டும். கடைப் பையன் வந்து எடுத்துப் போவான். எந்த வீட்டு வாசலில் தட்டு இருக்கிறதோ, அங்கே நேற்று விசேஷம் என்று தெரு முழுவதும் தெரிந்துவிடும்.

சோற்றுக்கு வருகிறேன். ஜப்பானிய அரிசி குட்டையாக, உருட்சியாக இருக்கும். நம் அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த அம்பை-16 அரிசியும் குட்டையும் பருமனும்தான். ஆனால் வெந்தபின் இரண்டுக்கும் உறவே இல்லை. நம் அரிசியில் அமைலோஸ் என்ற மாவுச்சத்து கூடுதல். அதனால் பருக்கை தனித்து நிற்கும், ஆற ஆற விறைக்கும். அவர்கள் அரிசியில் அது குறைவு. பருக்கை பருக்கையோடு ஒட்டிக்கொள்ளும். கஞ்சி வடிப்பதில்லை, அளந்த தண்ணீரிலேயே வேகவைக்கிறார்கள். வெந்த சோற்றை அகன்ற மரத்தொட்டியில் கொட்டி, உப்பும் சர்க்கரையும் கரைத்த அரிசி வினிகரைத் தெளித்து, பருக்கை உடையாமல் மர அகப்பையால் கிளறுகிறார்கள். கூடவே விசிறி வீசுகிறார்கள். மேல்பூச்சு இல்லாத மரம் மிகுதியான ஈரத்தை இழுத்துக்கொள்ளும். காற்றுப் பட்டால் பருக்கைக்குப் பளபளப்பு வரும். சூடு தணிந்து உடற்சூட்டு அளவுக்கு வந்த பிறகுதான் பிடிக்கத் தொடங்குவார். கையில் எடுக்கும்போது உதிரக் கூடாது, வாயில் போட்டதும் அவிழ வேண்டும். இந்தப் பதத்துக்கு ஆண்டுக்கணக்கில் கை பழக வேண்டும். குளிர்பெட்டியில் கிடந்து விறைத்த சோற்றின்மேல் எவ்வளவு விலையுயர்ந்த மீனை வைத்தாலும் அதை நல்ல சுஷி என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

என் அப்பா வீரவநல்லூர்ப் பக்கத்து விவசாயி. எங்களோடு தங்க வந்தபோது அந்தக் கடைக்கு அழைத்துப் போனேன். மீனை ஓரமாக எடுத்து வைத்துவிட்டுச் சோற்றை மட்டும் வாயில் போட்டு, வெகுநேரம் மென்றார். "ஒட்டுகிறது, ஆனால் குழையவில்லை, ஐயா. இது புது அரிசியா பழைய அரிசியா என்று அவரிடம் கேள்" என்றார். நான் கேட்டேன். கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அப்பாவை நிமிர்ந்து பார்த்தார். புது அரிசியில் ஈரம் அதிகம், வினிகரைச் சரியாக வாங்கிக்கொள்ளாது. அதனால் போன ஆண்டு அரிசியைக் கலந்துதான் சமைப்பேன் என்று விளக்கினார். அறுத்த உடனே சமைத்தால் சோறு குழையும், பழையதாக்கித்தான் உண்ண வேண்டும் என்பது அப்பாவுக்குத் தெரிந்த பாடம். அதன்பிறகு அவர்கள் இருவரும் நெல்லைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார்கள். நான் மொழிபெயர்த்தேன்.

சுஷியின் பழைய வடிவம் இன்றும் ஜப்பானின் பிவா ஏரிக் கரையில் இருக்கிறது. ஏரி மீனுக்கு உப்புப் போட்டு, பிறகு சோற்றோடு மாதக்கணக்கில் புளிக்க வைக்கிறார்கள். சோறு புளித்து மீனைக் கெடாமல் காக்கிறது. நீராகாரம் குடித்து வளர்ந்தவர்களுக்குப் புளித்த சோற்றின் வலிமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பின்னாளில் அவ்வளவு காலம் காத்திருக்க முடியாதவர்கள், புளிப்புக்காக வினிகரைச் சேர்த்தார்கள். 1804-இல் ஹாண்டா என்ற ஊரில் நகானோ மதாசாயெமோன் என்பவர், அரிசி மது வடித்தபின் மிஞ்சும் சக்கையிலிருந்து வினிகர் தயாரிக்கத் தொடங்கினார். அதுவும் அரிசிதான். 1820-களில் எடோ நகரில், அதாவது இன்றைய டோக்கியோவில், கையால் பிடித்த சுஷி தெருக்கடைகளில் பரவியது. ஹனாயா யோஹெய் என்ற கடைக்காரர் பெயரை அதனோடு சேர்த்துச் சொல்வார்கள். 1923 பெரும் பூகம்பத்தில் கடையை இழந்தவர்கள் சொந்த ஊர்களுக்குத் திரும்பியபோது அந்தக் கைவேலை நாடெங்கும் போய்ச் சேர்ந்தது.

1947-இல் நடந்தது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அரிசிப் பஞ்சம், உணவகங்களுக்குத் தடை. டோக்கியோவின் சுஷிக்காரர்கள் அரசிடம் ஒரு வழி கேட்டுப் பெற்றார்கள். வாடிக்கையாளர் ஏறக்குறைய 150 கிராம் அரிசி கொண்டுவந்து கொடுத்தால், கூலி மட்டும் வாங்கிக்கொண்டு 10 சுஷி பிடித்துத் தருவது. நெல்லைக் கொடுத்து அரைத்து வாங்கும் மில் கணக்கு அது. அந்த அரிசிதான் கடைகளைப் பிழைக்க வைத்தது. நகரும் பட்டையில் சுஷித் தட்டுகள் சுற்றிவரும் கடைகள் 1958-இல்தான் வந்தன. ஒசாகாவை அடுத்த ஊரில் ஷிராய்ஷி என்பவர், பீர் ஆலையில் புட்டிகள் நகர்வதைப் பார்த்து அதை உருவாக்கினார். சிறு குழந்தைகளோடு போக அவை வசதியானவை. என் மனம் என்னவோ தெருமுனைக் கடையில்தான்.

இனி மீன். எல்லாம் பச்சை மீன் அல்ல. இறாலை வேகவைப்பார்கள்; கடல் விலாங்கை மெல்லிய தீயில் அவிப்பார்கள்; சிறு மீன்களை உப்பிலும் வினிகரிலும் ஊறப்போடுவார்கள். இனிப்பான முட்டை அடையும் உண்டு. பச்சையாகத் தருவதற்குத் தனி முறை இருக்கிறது. உவரியிலோ கூட்டப்புளியிலோ காலையில் கரையேறிய சூரையும் சீலாவும் துடிக்கத் துடிக்க இருக்கின்றனவே, வீட்டில் செய்து பார்த்தால் என்ன என்று என் மைனி கேட்டார். வேண்டவே வேண்டாம் என்று சொன்னேன், உங்களுக்கும் அதையே சொல்கிறேன். கடல் மீனுக்குள் அனிசாகிஸ் என்ற புழு இருக்கலாம். மீன் புதியது என்பதால் புழு இல்லாமல் போய்விடாது. வினிகரும் உப்பும் காரமும் அதைக் கொல்லா. உறைநிலைக்குக் கீழே 20 டிகிரியில் 24 மணி நேரமாவது உறைய வைக்க வேண்டும் என்பது ஜப்பானிய அரசின் அறிவுரை. வீட்டுக் குளிர்பெட்டியை அதற்கு நம்ப முடியாது. நம் சூரையை நன்றாகக் கொதிக்கும் புளிக்குழம்பில் போடுங்கள்.

அதே சூரை இனத்து மீனை அவித்து, புகையூட்டி, கட்டை போலக் காயவைத்து, அதைச் சீவிக் கொதிநீரில் போட்டு எடுக்கும் சாறுதான் ஜப்பானியச் சமையலின் அடித்தளம். தூத்துக்குடிக் கடற்கரை அடுக்களைகளில் புழங்கும் மாசிக்கருவாட்டுக்கு அது உடன்பிறப்பு. அசைவம் உண்ணாதவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வெள்ளரிக்காய் வைத்துச் சுருட்டிய சுஷி உண்டு. சுரைக்காயை நாடாவாகச் சீவி உலர்த்தி, மறுபடி வேகவைத்துச் சுருட்டியதும் உண்டு. பொரித்த சோயாக் கட்டிப் பைக்குள் சோறு அடைத்ததும் உண்டு. ஆனால் சுரைக்காயையும் பையையும் பெரும்பாலும் அந்த மீன் சாற்றில்தான் வேகவைப்பார்கள். சாறு எது என்று கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். வெள்ளரிச் சுருளுக்கு அந்தக் கவலை இல்லை.

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஜப்பானிய நிறுவனங்கள் வந்தபின் சென்னையில் அந்நாட்டு உணவகங்கள் இருக்கின்றன. அந்த நிறுவனங்களில் வேலை பார்க்கும் பிள்ளைகள் ஊரிலிருந்து வரும் பெற்றோரை அங்கே அழைத்துப் போகிறார்கள். போகிறவர்கள் மேசையை விட்டுவிட்டு, சமைக்கிறவருக்கு எதிரே இடம் கேளுங்கள். கையால் எடுத்து உண்ணலாம்; அதில் குறைவொன்றும் இல்லை. சோயாச் சாற்றில் மீன் பக்கத்தைத் தொட்டுக்கொள்ளுங்கள், சோற்றை நனைத்தால் அவிழ்ந்துவிடும். ஒரே வாயில் போட வேண்டும். முட்டை அடை, வேகவைத்த இறால், வெள்ளரிச் சுருள் என்று தொடங்கினால் புதியவர்களுக்குத் தயக்கம் இராது. ஊறுகாய் இஞ்சியை ஒரு மீனுக்கும் அடுத்த மீனுக்கும் இடையில் கடித்துக்கொள்ளுங்கள். வசாபி என்ற பச்சை விழுதின் காரம் மூக்கில் ஏறும். குழந்தைகளுக்கு அது வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், வைக்காமல் பிடித்துத் தருவார்கள்.

நன்றி, வணக்கம்.