வெள்ளையா, பொன்னியா?

வணக்கம், வணக்கம். எல்லாரும் பசியாறியாச்சா? நான் இன்னும் இல்லை. கோலாலம்பூர் செந்தூலில் என் வீட்டு அடுப்படியில் நிற்கிறேன். பின்னால் கர்ரென்று ஒரு சத்தம் கேட்கும், அது ஃபேன். நிறுத்தினால் அரிசிக்கு முன்னால் நான் வெந்துவிடுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வாழையிலைக் கடை. பரிமாறுகிற அண்ணன் சோற்று வாளியோடு வந்து, "வெள்ளையா, பொன்னியா?" என்று கேட்டார். என் சிநேகிதி முந்திக்கொண்டு, "வெள்ளையே போடுங்கண்ணே, பொன்னி எல்லாம் இனிப்புநீர்க்காரங்க சோறு" என்றாள். பொன்னி என்றால் இங்கே புழுங்கல் அரிசிச் சோறு, இனிப்புநீர் என்றால் சர்க்கரை நோய். அண்ணன் சிரித்துக்கொண்டே போட்டுவிட்டுப் போனார். நானும் பல வருஷம் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். அதனால்தான் இந்த வீடியோ.

நம் பாரம்பரிய உணவின் நன்மைகளைப் பற்றிப் பேசச் சொல்லி நிறைய பேர் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். மஞ்சள், முருங்கைக்கீரை, கேழ்வரகு, பழைய சோறு. பேசலாம். ஆனால் எனக்கு ஒரு பயம். இதில் பாதி வாட்ஸ்அப்பில் வளர்ந்த கதை. பழைய சோற்றில் இரும்புச்சத்து ஒரே ராத்திரியில் 21 மடங்கு ஆகிவிடும் என்று ஒரு செய்தி சுற்றுகிறதே, உங்களுக்கும் வந்திருக்கும், எங்கள் குடும்பக் குழுவில் மட்டும் நாலு தடவை வந்தது. கொஞ்சம் யோசியுங்கள். இரும்பு எங்கிருந்து வரும்? சட்டிக்குள் கிருமிகள் கொல்லுப்பட்டறையா வைத்திருக்கின்றன? சோறு புளிக்கும்போது ஃபைட்டேட் என்ற பொருள் உடைகிறது. அது இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்கிற பொருள். அது உடைந்தால், ஏற்கெனவே இருக்கிற இரும்பு உடம்பில் கொஞ்சம் நன்றாகச் சேரும். உண்மை அவ்வளவுதான். அதுவே நல்ல விஷயம்தான், 21 மடங்கு எதற்கு?

ஆனால் ஒரு சாப்பாடு இருக்கிறது. அதன் நன்மையை ஆட்களை எண்ணி, நோயை எண்ணி நிரூபித்தார்கள். அதுவும் இந்தியாவில் இல்லை, நம்ம கோலாலம்பூரில். அது புழுங்கல் அரிசி.

இதோ இரண்டு கிண்ணம், கேமராவைக் கிட்டே கொண்டுபோகிறேன். இது சாதாரண வெள்ளை அரிசி. இது பொன்னிப் புழுங்கல். ஒரு மணியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கிறேன், பாருங்கள். லேசான மஞ்சள், மெழுகு பூசின மாதிரி ஒரு பளபளப்பு. கடித்தால் டக்கென்று சத்தம் வரும். மோந்து பார்த்தால் ஈரச் சாக்கு வாசம். இந்த வாசத்துக்காகத்தான் சின்ன வயதில் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவேன்.

நெல்லை உமியோடு ஊறவைத்து, ஆவியில் அவித்து, காயவைத்து, அதற்கப்புறம்தான் குத்துவார்கள். தவிட்டில் தயமின் இருக்கிறது, வைட்டமின் பி1. அது தண்ணீரில் கரையும். அவிக்கும்போது தவிட்டை விட்டு மணிக்குள் இறங்கிவிடும். பிறகு ஆலையில் தவிட்டைச் சீவி எடுத்தாலும் உள்ளே இறங்கியதில் பெரும்பகுதி அங்கேயே தங்கிவிடும். வெள்ளை அரிசியில் தவிடு போனால் தயமினும் போச்சு.

சரி, கதைக்கு வருகிறேன். சுமார் 120 வருஷத்துக்கு முந்தைய மலாயா. ஈயச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாகச் செத்துக்கொண்டிருந்தார்கள். நோயின் பெயர் பெரிபெரி. முதலில் கால் மரத்துப்போகும், சிலருக்கு நீர் கோத்து வீங்கும், அப்புறம் மூச்சு வாங்கும், கடைசியில் இதயம் ஓய்ந்துவிடும். ஆனால் தமிழ்த் தொழிலாளர்களிடம் இது அபூர்வம். கம்பத்தில், அதாவது கிராமத்தில், தாங்களே நெல் குத்திச் சாப்பிட்ட மலாய்க்காரர்களிடமும் அபூர்வம்.

நெகிரி செம்பிலானில் பிராடன் என்று ஒரு அரசாங்க டாக்டர். அவர்தான், ஊர் ஒன்றுதான், அரிசிதான் வேறு என்று பிடித்தார். சீனர்கள் சாப்பிட்டது சயாமிலிருந்து, அதாவது இன்றைய தாய்லாந்திலிருந்து வந்த, ஆலையில் தீட்டிய வெள்ளை அரிசி. நம் ஆட்கள் சாப்பிட்டது புழுங்கல். ஆனால் காரணத்தைத் தப்பாகச் சொன்னார். பழைய வெள்ளை அரிசியில் ஏதோ விஷம் உண்டாகிறது என்று நினைத்தார். ஆளைச் சரியாகக் காட்டிக்கொடுத்துவிட்டுக் குற்றத்தை மாற்றி எழுதிய போலீஸ்காரர் மாதிரி.

அப்புறம் 1905. கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் பெரிபெரி பரவிக் கிடந்தது. வில்லியம் ஃபிளெட்சர் என்ற டாக்டர் அங்கிருந்தவர்களைச் சாப்பாட்டுக் கொட்டகையில் வரிசையாக நிற்கவைத்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணச் சொன்னார். ஒற்றைப்படை எண்காரர்கள் ஒரு பக்கக் கூடத்துக்கு, இரட்டைப்படை எண்காரர்கள் எதிர்ப்பக்கக் கூடத்துக்கு. கறி, காய் எல்லாம் ஒன்றுதான். ஒற்றைக்கு சயாம் வெள்ளை அரிசி, இரட்டைக்கு இந்தியப் புழுங்கல் அரிசி. இடையில், கூடத்தில்தான் ஏதாவது தொற்று இருக்கிறதோ என்று பார்க்க, ஆட்களை இடம் மாற்றியும் வைத்தார். அப்போதும் நோய் கூடத்தோடு தங்கவில்லை, வெள்ளை அரிசி சாப்பிட்டவர்களோடு போனது. அடுத்த வருஷக் கடைசியில் வெள்ளை அரிசி சாப்பிட்ட 120 பேரில் 18 பேர் பெரிபெரியில் இறந்திருந்தார்கள். புழுங்கல் சாப்பிட்ட பக்கம் அந்த நோயால் ஒரு சாவுகூட இல்லை.

இதை முதலில் படித்தபோது "அடேங்கப்பா, நம்ம அரிசி!" என்றுதான் குதித்தேன். அப்புறம் அந்த 18 பேரை நினைத்தேன். வரிசையில் ஒரு ஆள் தள்ளி நின்றிருந்தால் பிழைத்திருப்பார்கள். வேண்டுமா வேண்டாமா என்று சொல்லக்கூடிய நிலையில் அவர்கள் இல்லை. இன்றைக்கு இப்படி ஒரு சோதனைக்கு எந்த நாட்டிலும் அனுமதி கிடைக்காது. நாம் பெருமைப்படுகிற அறிவுக்கு விலை கொடுத்தவர்கள் அவர்கள், பெயர்கூட நமக்குத் தெரியாது.

ஃபிளெட்சர் 1907இல் லான்செட் மருத்துவ இதழில் இதை எழுதினார். அடுத்து ஃபிரேசர், ஸ்டாண்டன் என்ற இரண்டு பேர், நம்ம ஐ.எம்.ஆர் என்ற மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்காரர்கள், காட்டுக்குள் ரோடு போட்ட தொழிலாளர்களிடம் இதே மாதிரி செய்து பார்த்து, விஷம் எல்லாம் இல்லை, தீட்டும்போது ஏதோ ஒரு சத்து போய்விடுகிறது என்று காட்டினார்கள். அந்தச் சத்துதான் தயமின். அதைத் தனியே பிரித்தெடுத்தது 1926இல், ஜாவாவில். ஜாலான் பகாங் பக்கம் ஐ.எம்.ஆர் கட்டடத்தைத் தாண்டி எத்தனை தடவை மோட்டாரில் போயிருப்பேன்! ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை.

ஒன்று சொல்லிவிடுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். புழுங்கல் சாப்பிட்டதால் தோட்டத்தில் நம் ஆட்கள் நன்றாக வாழ்ந்தார்கள் என்று அர்த்தமில்லை. மலேரியாவும் வயிற்றுப்போக்கும் அள்ளிக்கொண்டு போயின. பெரிபெரி மட்டும் விட்டுவைத்தது.

என் பாட்டி ரவாங் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவர். "வெள்ளச் சோறு வயித்துல நிக்காது"ம்பார். அவருக்கு தயமினும் தெரியாது, ஃபிளெட்சரும் தெரியாது. அப்பா டவுனுக்கு வந்து வேலையில் உட்கார்ந்ததும் வீட்டில் முதலில் மாறியது அரிசிதான். வெள்ளைச் சோறு என்றால் டவுன் சோறு. பாட்டிக்கு மட்டும் தனியாகச் சின்னப் பானை. அதையும் கொஞ்ச நாளில் நிறுத்திவிட்டார்கள், இரண்டு பானை கழுவ யாரும் இல்லை என்று.

இன்றைக்கு நமக்குப் பெரிபெரி பயமில்லை. சோற்றைத் தவிர முட்டை, பருப்பு, மீன் எல்லாம் சாப்பிடுகிறோம். இப்போதைய பிரச்சினை இனிப்புநீர். 2019 தேசியச் சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 சதவீதம் பேருக்கு அது இருந்தது, இந்தியர்களிடம் இன்னும் அதிகம். புழுங்கல் அரிசியில் மாவுச்சத்து ஒருமுறை வெந்து, ஆறி, இறுகிவிடுவதால் பொதுவாக மெதுவாகச் செரிக்கும். ஆனால் ரகத்துக்கு ரகம் வித்தியாசம் உண்டு. அதோடு, பொன்னிதானே என்று இலையில் மூன்று தடவை வாங்கினால் அதுவும் சர்க்கரைதான். எங்கள் மாமா அந்தக் கட்சி. மருந்து சாப்பிடுகிறவர்கள் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், என்னிடம் கேட்காதீர்கள்.

சமைக்கிற விஷயம். முதல் தடவை ரைஸ் குக்கரில் வெள்ளை அரிசிக்கு வைக்கிற மாதிரி விரல் கணக்கில் தண்ணீர் வைத்தேன். சட்டென்று பட்டன் மேலே வந்தது. திறந்தால் கோழிக்குப் போடலாம் போல் இருந்தது. அம்மா ஒரு வாரம் சொல்லிச் சிரித்தார். புழுங்கலுக்குப் பொறுமை வேண்டும். அரை மணி நேரம் ஊறவிடுங்கள், ஒரு டம்ளருக்கு இரண்டரை, மூன்று டம்ளர் தண்ணீர். ரொம்பத் தேய்த்துக் கழுவ வேண்டாம். நான் இப்போது பானையில் வடிக்கிறேன். வடிக்கும்போது கொஞ்சம் தயமின் கஞ்சியோடு போகத்தான் செய்யும், அதனால் கஞ்சியைத் தொட்டியில் கொட்டுவதில்லை.

இதோ, வடிந்துவிட்டது. ஆவியில் லென்ஸ் மங்கிவிட்டதா? இருங்கள், துடைக்கிறேன். ஈரச் சாக்கு வாசம் போய்விட்டது, இப்போது பாட்டி வீட்டு வாசம். கஞ்சியை டம்ளரில் ஊற்றி இரண்டு கல் உப்பு. அப்பா, சூடு! சின்ன வெங்காயத்தை எங்கே வைத்தேன்?