நர்சிங் படிக்க யூசியா, கேல் ஸ்டேட்டா?

எல்லாருக்கும் வணக்கம். என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். நவம்பர் வந்துவிட்டால் கலிஃபோர்னியாவில் எங்களைப் போன்ற வீடுகளில் கல்லூரி விண்ணப்பத்தைத் தவிர வேறு பேச்சே இருக்காது. இங்கே அரசுப் பல்கலைக்கழகங்கள் இரண்டு வகை: யூசி என்கிற யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா, கேல் ஸ்டேட் என்கிற கலிஃபோர்னியா ஸ்டேட் யூனிவர்சிட்டி. இரண்டுக்கும் பல ஊர்களில் வளாகங்கள் உண்டு. பேர்பெற்ற பெர்க்லி, யூசியின் ஒரு வளாகம்.

போன வாரம் ஊரிலிருந்து தம்பி ஃபோன் பண்ணினான். "அக்கா, பெர்க்லிக்குப் போடலியா?" என்று கேட்டான். இங்கே கோவிலில் பார்க்கிறவர்களும் அதையேதான் கேட்கிறார்கள். யூசி என்று சொன்னால் முகம் மலர்கிறது. கேல் ஸ்டேட் என்றால், "சரி, பரவாயில்லை" என்று ஆறுதல் சொல்கிறார்கள். எனக்கு இது மனதை உறுத்துகிறது. அவள் படிக்க ஆசைப்படுவது நர்சிங்.

யூசிக்குப் பத்து வளாகங்கள். அதில் சான் பிரான்சிஸ்கோவில் இளநிலைப் படிப்பே கிடையாது. மிச்சம் ஒன்பதில் லாஸ் ஏஞ்சலஸ், இர்வைன் இரண்டில் மட்டும்தான் இளநிலை நர்சிங் இருக்கிறது. பெர்க்லியில் இல்லவே இல்லை. இதைச் சொன்னதும் தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. கேல் ஸ்டேட் பக்கம் வந்தால் சான் ஹோசே, சாக்ரமென்டோ, ஃபிரெஸ்னோ, லாங் பீச், ஃபுல்லர்டன் என்று சொல்லிக்கொண்டே போகலாம்.

இது தற்செயல் இல்லை. 1960இல் மாநில அரசு போட்ட திட்டத்திலேயே வேலையைப் பிரித்துவிட்டார்கள். ஆராய்ச்சியும் முனைவர் பட்டமும் யூசிக்கு. பள்ளி முடிப்பவர்களில் மதிப்பெண்ணில் முதல் எட்டில் ஒரு பங்கு அங்கே போகலாம். கற்பித்தலும் தொழிலுக்கான படிப்புகளும் கேல் ஸ்டேட்டுக்கு. அதற்கு முதல் மூன்றில் ஒரு பங்கு. இரண்டாண்டுப் படிப்பு தரும் கம்யூனிட்டி காலேஜ் எல்லாருக்கும் திறந்தது. நுழைவதற்கான மதிப்பெண் வேறு, உண்மைதான். ஆனால் ஆய்வுக்கூடத்தில் வாழ்நாளைக் கழிக்க நினைக்கிற பிள்ளைக்கும், நோயாளியின் கட்டிலருகே நிற்க நினைக்கிற பிள்ளைக்கும் ஒரே கேள்வியைக் கேட்கலாமா? அவள் எங்கே படித்தாலும் கடைசியில் நர்ஸ் உரிமத்துக்கு எழுதப்போவது என்கிளெக்ஸ் என்கிற அதே தேர்வுதான்.

அடுத்தது பணம். 2025-26இல் கேல் ஸ்டேட் கல்விக் கட்டணம் 6,450 டாலர், வளாகக் கட்டணம் தனி. யூசியில் 14,000 டாலருக்கு மேல். இரண்டுமே இந்த மாநிலத்தில் குடியிருப்பவர்களுக்கான கணக்கு. எச்-4 விசாவில், அதாவது எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கான விசாவில், இருக்கிற பிள்ளைகளுக்கு ஃபெடரல் நிதி உதவி கிடையாது. அந்த வீடுகளில் இந்த வித்தியாசம் பெரும்பாலும் கைப்பணம்.

விண்ணப்பத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எஸ்.ஏ.டி. என்கிற கல்லூரி நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணை இரண்டு பக்கமும் பார்ப்பதில்லை. ஜி.பி.ஏ., அதாவது பள்ளி மதிப்பெண் சராசரி, கணக்கில் பத்தாம், பதினொன்றாம் வகுப்புப் பாடங்கள் வரும். ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண் சேராது. யூசியில் எட்டுக் கேள்விகளில் நான்குக்கு, தலா 350 சொற்களுக்குள் எழுத வேண்டும். கேல் ஸ்டேட் பொது விண்ணப்பத்தில் கட்டுரை இல்லை. கட்டணம் ஒவ்வொரு வளாகத்துக்கும் தனித்தனி: யூசிக்கு 80 டாலர், கேல் ஸ்டேட்டுக்கு 70. கண்ணை மூடிக்கொண்டு யூசியின் ஒன்பதையும் டிக் அடித்தால் 720 டாலர் போய்விடும்.

கேல் ஸ்டேட் என்றால் சுலபம் என்றும் நினைத்துவிடாதீர்கள். நர்சிங்குக்கு அங்கேயும் இடத்தைவிட விண்ணப்பம் மிக அதிகம். சில வளாகங்கள் நேரடியாக எடுக்கும். சில இடங்களில் முதலில் அறிவியல் பாடங்களை முடித்து, மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். இதை அந்தந்தத் துறையின் பக்கத்தில் தேடிப் படியுங்கள். நான் முதலில் இதைக் கவனிக்கவில்லை. மகள்தான் கண்டுபிடித்தாள், அதனால் பட்டியலில் இரண்டு வளாகங்களை மாற்றினோம்.

இப்போது எங்கள் பட்டியலில் ஐந்து கேல் ஸ்டேட், அந்த இரண்டு யூசி. எதுவும் அமையாவிட்டால் வீட்டுக்குப் பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜ். அங்கே இரண்டாண்டு நர்சிங் பட்டம் வாங்கினாலும் என்கிளெக்ஸ் எழுதலாம், பிறகு இளநிலையைத் தொடரலாம். இதை அவளிடம் சொன்ன அன்றுதான் பல நாளுக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினாள்.

கேல் ஸ்டேட்டில் நர்சிங் படித்தவர்கள் யாராவது பார்த்துக்கொண்டிருந்தால், மருத்துவமனைப் பயிற்சிக்கு வாரம் எத்தனை நாள், எவ்வளவு தூரம் போனீர்கள் என்று எழுதுங்கள். எங்கள் வீட்டில் ஒரே கார்தான், அதனால் எனக்கு அது தெரிய வேண்டும்.