உதகை ஏற்றமும் வாங்குகிற மூச்சும்

எல்லாருக்கும் வணக்கம். காலை நடைக்கு வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்வி ஒன்று: "சேரிங் கிராஸிலிருந்து மேட்டில் ஏறினால் இப்படி மூச்சு வாங்குகிறதே, நுரையீரல் பலவீனமா?" நோய் நொடி இல்லாதவர் என்றால், இல்லை. முதலில் திணறுவது வேறு உறுப்பு. எது என்று பிறகு சொல்கிறேன்.

இப்போது உட்கார்ந்திருக்கிறீர்கள். நிமிடத்துக்கு 12 முதல் 16 முறை மூச்சு விடுகிறீர்கள். சொன்னதுமே சிலர் எண்ண ஆரம்பித்துவிட்டீர்கள். எண்ணினால் மாறிவிடும், விடுங்கள். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் உள்ள உதரவிதானத் தசை சுருங்கிக் கீழிறங்குகிறது, நெஞ்சுக்கூடு விரிகிறது, காற்று உள்ளே வருகிறது. வெளியே விட உழைப்பே வேண்டாம். தசை தளர்ந்தால் போதும். ஏற்றத்தில்தான் வயிற்றுத் தசைகளும் விலாத் தசைகளும் சேர்ந்து காற்றை வெளியே தள்ளுகின்றன. ஓய்வில் நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் போதும். கடுமையாக ஓடினால் 100 லிட்டரைத் தாண்டும்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு மூச்சுக்கு 500 மில்லிலிட்டர் இழுத்தால், அதில் சுமார் 150 மூச்சுக்குழாய்களிலேயே நின்றுவிடும். ரத்தத்தைச் சந்திப்பது மீதி 350தான். நிமிடத்துக்கு 12 மூச்சு என்றால் 4.2 லிட்டர் நல்ல காற்று. அதே ஆள் பதறிப்போய் 250 மில்லிலிட்டராக 24 முறை இழுக்கிறார் என்று வையுங்கள். மொத்தம் அதே 6 லிட்டர்தான். ஆனால் பயன்படுவது வெறும் 2.4 லிட்டர். மேட்டில் மேலோட்டமாக இளைப்பது எவ்வளவு நஷ்டம், பாருங்கள். வேகத்தைக் குறைத்து ஆழமாக இழுங்கள் என்று சொல்வது இதனால்தான்.

சரி, மூச்சைக் கூட்டச் சொல்வது யார்? ஆக்சிஜன் என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். சாதாரணமாக மூளைத்தண்டு அதிகம் கவனிப்பது கார்பன் டை ஆக்சைடை. மூச்சை அடக்கும்போது தாங்க முடியாமல் போவதற்கும் முக்கியமாக அதுவே காரணம். ஆனால் நடக்கத் தொடங்கும்போது நடப்பது இன்னும் சுவாரசியம். ரத்தத்தில் எதுவும் மாறுவதற்கு முன்பே, முதல் சில அடிகளிலேயே மூச்சு கூடிவிடுகிறது. காலுக்கு உத்தரவு போடும் மூளை மூச்சுக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறது. அசையும் தசைகளும் மூட்டுகளும் அதை ஆமோதிக்கின்றன.

திணறும் உறுப்புக்கு வருவோம். அது இதயம். ஓய்வில் ஒரு சிவப்பணு நுரையீரலின் நுண்ணிய ரத்தக் குழாயில் முக்கால் விநாடி இருக்கும். ஆக்சிஜனை நிரப்பிக்கொள்ள அதில் மூன்றில் ஒரு பங்கு நேரமே போதும், அவ்வளவு தாராளம். மூச்சுக் காற்று பத்துப் பதினைந்து மடங்கு கூட முடியும். இதயமோ நிமிடத்துக்கு 5 லிட்டர் ரத்தம் தள்ளுவதை 20 லிட்டராக்கினாலே பெரிது. பயிற்சி பெற்ற வீரர்கள்தான் அதைத் தாண்டுவார்கள்.

இதெல்லாம் மேட்டுப்பாளையத்துக்கும் பொருந்தும். நம் ஊருக்கென்று ஒன்று உண்டு. உதகை சுமார் 2,240 மீட்டர் உயரம். இங்கே காற்றில் ஆக்சிஜன் குறைவு என்பார்கள். பங்கு அதே 21 சதவீதம்தான். காற்றழுத்தம்தான் கடல் மட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல். அதனால் ஆக்சிஜனை ரத்தத்துக்குள் தள்ளும் விசை குறைகிறது. கழுத்துத் தமனிகளில் உள்ள சிறு உணரிகள் அதைக் கண்டுகொண்டு மூச்சைச் சற்றுக் கூட்டுகின்றன. 1968 ஒலிம்பிக் நடந்த மெக்சிகோ நகரமும் ஏறக்குறைய இதே உயரம். 10,000 மீட்டர் ஓட்டத்தில் உலக சாதனை வைத்திருந்த ஆஸ்திரேலியாவின் ரான் கிளார்க் அங்கே ஆறாவதாக வந்து, எல்லைக்கோட்டில் சுருண்டு விழுந்தார். அவருக்கே அந்த நிலை என்றால், காலையில் கோயம்புத்தூரிலிருந்து வந்து மதியமே தொட்டபெட்டாவில் வேகமாக ஏறும் உங்கள் மைத்துனரைக் கேலி செய்யாதீர்கள்.

சில வாரம் இங்கே தங்கினால் சிறுநீரகம் சுரக்கும் எரித்ரோபாயட்டின் என்ற ஹார்மோன் சிவப்பணுக்களைக் கூட்டும். கீழே இறங்கிவிட்டால் அந்த லாபமும் சில வாரங்களில் கரைந்துவிடும்.

கடைசியாக ஒன்று. மேட்டில் வாங்கிய மூச்சு, நின்றதும் சில நிமிடங்களில் அடங்க வேண்டும். உட்கார்ந்த பிறகும் அடங்கவில்லை, அல்லது நெஞ்சு இறுக்குகிறது என்றால் அதை உயரத்தின் தலையில் கட்டாமல் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.