ஹீமைத் தேடிய ரீஏஜென்ட் புட்டிகள்

நேயர்களுக்கு வணக்கம்.

இரத்தம் ஏன் சிவப்பு என்று கேட்டால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளே ஹீமோகுளோபின் என்று பதில் சொல்லிவிடுவார்கள். அந்த ஹீமோகுளோபினுக்குச் சிவப்பைக் கொடுப்பது அதற்குள் இருக்கும் ஹீம் என்ற சின்ன மூலக்கூறு. தட்டையான ஒரு வளையம், நடுவில் ஓர் இரும்பு அணு, அதைப் பிடித்துக்கொள்ள நான்கு நைட்ரஜன் அணுக்கள். இரும்பை எடுத்துவிட்டால் மிஞ்சுகிற வளையத்துக்குப் போர்ஃபிரின் என்று பெயர். நம் உடம்பு இதை எப்படிக் கட்டுகிறது, எப்படிக் கலைக்கிறது என்று ஆராய்கிறவர்களின் அலமாரியில் இருக்கும் ரீஏஜென்ட் புட்டிகளை, அதாவது சோதனைக்கான வேதிப்பொருள் புட்டிகளைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

புட்டியில் என்ன பேசுவதற்கு இருக்கிறது என்று தோன்றலாம். லேபிளில் ஒரு பெயர் இருக்கும், தூய்மை எத்தனை சதவீதம் என்று போட்டிருக்கும். ஆனால் அதிலிருக்கும் பொருள் உயிரணுவுக்குள் போய், நாம் நினைத்த வேலையை மட்டும்தான் செய்கிறதா? அதை எந்த லேபிளும் சொல்லாது. இந்தத் துறையில் பெரிய கண்டுபிடிப்புகளும் பெரிய குழப்பங்களும் இந்த ஒரு கேள்வியிலிருந்துதான் வந்தன என்பது என் கருத்து.

முதலில் ஒரு நல்ல கதை. 1945-ஆம் ஆண்டு, நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம். டேவிட் ஷெமின் என்ற உயிர்வேதியியலாளர் 66 கிராம் கிளைசினைத் தானே சாப்பிட்டார். கிளைசின் சாதாரண அமினோ அமிலம்தான், நாம் உண்ணும் எந்தப் புரதத்திலும் இருக்கும். ஆனால் அவர் சாப்பிட்டதில் நைட்ரஜன் கொஞ்சம் கனமானது. வழக்கமாக 14 என்று இருக்கும் எடை, அதில் 15. கதிரியக்கம் கிடையாது, ஆபத்தும் கிடையாது. அப்புறம் மாதக்கணக்கில் தன் கையிலிருந்தே இரத்தம் எடுத்து, ஹீமைப் பிரித்து, கன நைட்ரஜன் அதில் வந்திருக்கிறதா என்று பார்த்தார். வந்திருந்தது. ஹீமின் நைட்ரஜன் கிளைசினிலிருந்து வருகிறது என்று தெரிந்தது. அதோடு, அது ஏறி, நிலையாக நின்று, பிறகு இறங்கிய கணக்கை வைத்து நம் சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்கிறது என்பதும் தெரிந்தது. ஒரே புட்டியில் இரண்டு விடைகள்!

அடுத்து அவர் குழு வாத்தின் இரத்தத்துக்குப் போனது. பறவைகளின் சிவப்பணுவில் உட்கரு இருக்கும், குடுவையில் வைத்தாலும் அது ஹீம் செய்துகொண்டே இருக்கும். அதை வைத்து ஒவ்வொரு கார்பனாகத் துரத்தினார்கள். போர்ஃபிரின் வளையத்தின் 34 கார்பன்களில் 8 கிளைசினிலிருந்து, மீதி 26 உயிரணுவிலேயே இருக்கும் சக்சினேட் என்ற பொருளின் வழியாக. 1953-இல் ஷெமினும் ரஸலும் இந்த இரண்டும் சேர்ந்து உருவாகும் முதல் பொருளைக் காட்டினார்கள். அதுதான் அமினோலெவுலினிக் அமிலம், சுருக்கமாக ஏ.எல்.ஏ. இப்படி ஊட்டிப் பார்க்கிற முறை எனக்கு மிகவும் பிடிக்கும். உடம்பு எப்படியும் சாப்பிடுகிற பொருளில் ஓர் அடையாளம் மட்டும் வைக்கிறோம், அதன் போக்கில் கை வைப்பதில்லை.

இந்த ஏ.எல்.ஏ. இன்று ஹீம் ஆய்வகங்களில் மிக அதிகமாகப் புழங்கும் வெள்ளைப் பொடி. வாங்கும்போது ஹைட்ரோகுளோரைடு உப்பாக வரும். தண்ணீரில் கரைத்தால் நல்ல புளிப்பு, அதாவது அமிலம். அப்படியே உயிரணுக்களின் மேல் ஊற்றினால் அவை செத்துப்போகும். மாணவர் போர்ஃபிரின் கொன்றது என்று நோட்டில் எழுதிவைப்பார், கொன்றது அமிலம். சரி, காரம் சேர்த்து நடுநிலைக்குக் கொண்டுவரலாம் என்றால், அந்தக் கரைசலை மேசையில் விட்டுவைக்க முடியாது. மூலக்கூறுகள் இரண்டிரண்டாக இணைந்து வேறு பொருளாகிவிடும். அன்றன்றைக்குக் கரைத்து அன்றன்றைக்குப் பயன்படுத்த வேண்டிய சரக்கு இது.

சரியாகக் கொடுத்தால் ஏ.எல்.ஏ. ஒரு வேடிக்கை செய்யும். உயிரணு ஹீம் உற்பத்தியை ஏ.எல்.ஏ. உருவாகும் படியில்தான் கட்டுப்படுத்தி வைத்திருக்கிறது. நாம் ஏ.எல்.ஏ.யைக் கையில் கொடுத்துவிட்டால் அந்தக் காவலைத் தாண்டிவிடுகிறோம். கடைசிப் படிக்கு முந்தைய புரோட்டோபோர்ஃபிரின், இரும்பு ஏறாமல் குவிந்துபோகிறது. அதன் மேல் ஊதா நீல ஒளியைப் பாய்ச்சினால் சிவப்பாக ஒளிரும். மூளைப் புற்றுக்கட்டியில் இது நிறையக் குவிவதால், அறுவைக்குச் சில மணி நேரம் முன்பு நோயாளிக்கு ஏ.எல்.ஏ. கரைசலைக் குடிக்கக் கொடுக்கிறார்கள். விளக்கை மாற்றினால் கட்டியின் ஓரம் எங்கே முடிகிறது என்று அறுவை மருத்துவருக்குத் தெரிகிறது. ஐரோப்பாவில் 2007-இலும் அமெரிக்காவில் 2017-இலும் இதற்கு அனுமதி கிடைத்தது.

ஒளி என்றதும் ஒரு ஜெர்மானியரைச் சொல்லியாக வேண்டும். 1912-இல் ஃபிரெடரிக் மேயர்-பெட்ஸ் என்ற மருத்துவர் 200 மில்லிகிராம் ஹெமட்டோபோர்ஃபிரின் என்ற ஒரு வகைப் போர்ஃபிரினைத் தன் உடம்பிலேயே ஊசி போட்டுக்கொண்டார். வெயிலில் போனதும் முகமும் கைகளும் பயங்கரமாக வீங்கிவிட்டன. வெயிலைக் கண்டால் ஆகாத நிலை அதன் பிறகும் நெடுநாள் நீடித்தது. போர்ஃபிரின் ஆய்வகத்தில் குழாய்களுக்கெல்லாம் அலுமினியத் தாளைச் சுற்றி, விளக்கையும் மங்கலாக வைத்திருப்பது இதனால்தான். ஒளி பட்டால் போர்ஃபிரின் தானும் கெடும், பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும்.

நிறம் காட்டும் ரீஏஜென்ட்களில் மூத்தது எர்லிக் கரைசல். தீவிர போர்ஃபிரியா என்று ஒரு பரம்பரை நோய் உண்டு. தாங்க முடியாத வயிற்றுவலி வரும், ஸ்கேனில் ஒன்றும் தெரியாது. அந்த நோயாளியின் சிறுநீரில், ஹீம் பாதையில் ஏ.எல்.ஏ.வுக்கு அடுத்து உருவாகும் போர்ஃபோபிலினோஜன் நிறைந்திருக்கும். எர்லிக் கரைசலைச் சேர்த்தால் செர்ரிப்பழ நிறத்துக்குச் சிவக்கும். ஆனால் யூரோபிலினோஜன் என்ற சாதாரணப் பொருளும் அதே கரைசலில் சிவக்கும். 1941-இல் வாட்சனும் ஷ்வார்ட்ஸும் இதற்கு வழி கண்டார்கள். குளோரோஃபார்ம் விட்டுக் குலுக்கினால் யூரோபிலினோஜனின் சிவப்பு குளோரோஃபார்முக்குள் இறங்கிவிடும், போர்ஃபோபிலினோஜனின் சிவப்பு மேலே தண்ணீரிலேயே நிற்கும்.

தடுப்பான்கள் வேறு ரகம். ஏதாவது ஒரு நொதியை அடைத்துவிட்டு என்ன ஆகிறது என்று பார்ப்பதற்கானவை. உதாரணத்துக்கு, போர்ஃபிரினில் இரும்புக்குப் பதில் வெள்ளீயத்தையோ துத்தநாகத்தையோ ஏற்றினால், ஹீமை உடைக்கும் ஹீம் ஆக்சிஜனேஸ் நொதியை அது அடைத்துக்கொள்ளும். ஆனால் நைட்ரிக் ஆக்சைடு சார்ந்த நொதிகளையும் இவை தொடுவதுண்டு. இதைச் சரிபார்க்காமல் எழுதப்பட்ட ஆய்வுக் கட்டுரைகள் ஏராளம். தடுப்பானை வைத்து மட்டும் எடுத்த முடிவை நான் பாதிதான் நம்புவேன்.

ஏன் என்பதற்கு நம் ஊருக்கு நெருக்கமான ஓர் உதாரணம் இருக்கிறது. சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியல் படித்து, பிறகு பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராக இருந்தவர் கோ. பத்மநாபன். 1992-இல் அவரும் நமிதா சுரோலியாவும், மலேரியா ஒட்டுண்ணி தனக்கான ஹீமைத் தானே செய்துகொள்கிறது என்று காட்டினார்கள். ஹீமோகுளோபினுக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கிற உயிர் எதற்காகத் தனியாக ஹீம் செய்ய வேண்டும்? அதுதான் ஆச்சரியம். ஏ.எல்.ஏ.யைப் போலவே உருவமுள்ள சக்சினைல்அசிட்டோன் என்ற தடுப்பானைக் கொடுத்தபோது ஒட்டுண்ணியின் வளர்ச்சி நின்றது. ஆக, இது மருந்துக்கு ஏற்ற இலக்கு என்று தோன்றியது.

பின்னர் மரபணுக்களையே நீக்கிப் பார்க்கும் வசதி வந்தது. 2013-இல் நாகராஜும் பத்மநாபனும் குழுவினரும், எலி மலேரியா ஒட்டுண்ணியில் ஹீம் பாதையின் முதல் மரபணுவையும் கடைசி மரபணுவையும் தனித்தனியாக நீக்கினார்கள். இரத்தத்தில் ஒட்டுண்ணி பாட்டுக்கு வளர்ந்தது. மறு ஆண்டு அமெரிக்கக் குழு ஒன்று மனித மலேரியா ஒட்டுண்ணியிலும் அதையே கண்டது. அப்படியானால் சக்சினைல்அசிட்டோன் கொன்றபோது வேறு எதையோ தாக்கியிருக்க வேண்டும் என்று சந்தேகிக்க வேண்டியதாயிற்று. ஆனால் கொசுவின் உடலில் கதை வேறு. மரபணு நீக்கிய ஒட்டுண்ணி அங்கே முன்னேற முடியாமல் நின்றுபோனது. முதல் மரபணு இல்லாத ஒட்டுண்ணி இருந்த கொசுக்களுக்கு ஏ.எல்.ஏ. கொடுத்ததும் அது மீண்டும் வளர்ந்தது. நம் பழைய வெள்ளைப் பொடிதான்! மரபணுவும் ரீஏஜென்டும் சேர்ந்து ஒரே பதிலைச் சொல்லும்போது எனக்குச் சந்தேகம் வருவதில்லை.

இதற்கு ஒரு பின்கதையும் உண்டு. கிரிசியோஃபுல்வின், படர்தாமரைக்கு டாக்டர்கள் நெடுங்காலமாக எழுதிக்கொடுத்த மாத்திரை. கல்லீரலில் அது புரோட்டோபோர்ஃபிரினை மாற்றி, இரும்பு ஏற்றும் கடைசி நொதியை அடைத்துவிடும். தீவிர போர்ஃபிரியா உள்ளவர்களுக்கு அதைக் கொடுக்கவே கூடாது. 2017-இல் மலேரியா தொற்று ஏற்படுத்தப்பட்ட தன்னார்வலர்களுக்கு இதைக் கொடுத்துப் பார்த்தபோது பலன் இல்லை. ஆனால் 2022-இல் நாகராஜ், பத்மநாபன் குழு எலிகளில் வேறொன்றைக் கண்டது. ஒட்டுண்ணி செய்யும் ஹீம், மூளை மலேரியாவைத் தீவிரமாக்குவதில் பங்கு வகிக்கிறது. கிரிசியோஃபுல்வின் கொடுத்த எலிகள் அதிலிருந்து பாதுகாக்கப்பட்டன. எலியின் மூளை மலேரியா மனிதனுடையதை அப்படியே ஒத்தது இல்லை. ஆகவே மூளை மலேரியாவில் இந்த மாத்திரை நமக்கு உதவுமா என்பதை எலிகளை வைத்துச் சொல்லிவிட முடியாது, நோயாளிகளிடம்தான் சோதித்துப் பார்க்க வேண்டும்.

நன்றி, வணக்கம்.